கயிற்றில் ஏறியவர் யார்?

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் நடைபெற்ற அறிவியல் விழாவிற்குச் செல்ல நேர்ந்தது. மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றிப் பேச வந்தவர் நன்கு கற்றவர், நாவன்மையும் வாய்ந்தவர். ஏவலும் சூனியமும், கழிப்பும் தாயத்தும் அவரிடம் அகப்பட்டுப் படாத பாடு பட்டன. நானும் மகிழ்ந்து கைதட்டினேன். பிறகு அவர் ஒரு கதை சொன்னார். 1856-ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் மராபூத்துகள் என்னும் முஸ்லிம் பக்கீர்கள் சில்லறை வித்தைகளைக் காட்டிப் பாமர அரபிகளைப் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகத் தூண்டிவிட்டுக் கொண்டிருந்தார்களாம். ராபர்ட் ஹூடின் என்னும் மேடை வித்தைக்காரர் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தாராம். ஒரு மின்காந்தப் பெட்டியைக் கொண்டு அம்மக்களின் அறிவுக் கண்ணைத் திறந்தாராம். ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் கலகம் அடங்கிற்றாம். “அறிவியல் மூடத்தனத்தை வென்ற நாள் அது” என்று முடித்தார். மண்டபம் அதிர்ந்தது. என் கைகள் மட்டும் மடிமீது கிடந்தன.

கூட்டம் கலைந்தபின் அவரை அணுகி, “ஐயா, அந்தக் கதையை முதலில் சொன்னவர் யார்?” என்று கேட்டேன். “வரலாற்றில் இருக்கிறதே!” என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று விடைபெற்றுக் கொண்டார். அவர் சற்று நின்றிருந்தால் நான் சொல்லியிருக்கக் கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கதையைச் சொன்னவர் ராபர்ட் ஹூடினேதான். பயணத்திலிருந்து திரும்பிய இரண்டொரு ஆண்டுகளில் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலே இதற்கு முதன்மைச் சான்று. அந்த நூலிலேயே தமக்கு வித்தை பயிற்றிய ஆசானாகத் தோரினி என்பவரைப் பற்றி உள்ளம் உருகும்படி எழுதியிருக்கிறார். அப்படியொருவர் வாழ்ந்ததற்கு அந்நூலுக்கு வெளியே தடயம் எதுவும் ஆய்வாளர்க்கு அகப்படவில்லை. கண்கட்டு வித்தையைத் தொழிலாகக் கொண்டவர் தம் வெற்றியைத் தாமே வருணித்தால் அதை வாக்குமூலமாக ஏற்பதா, அவருடைய மற்றுமொரு வித்தையாகக் கொள்வதா? எந்த நீதிபதியும் தயங்கும் சாட்சியத்தை நாம் அறிவியல் விழாவில் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டோம்.

அவரைப் பழிப்பது என் நோக்கமன்று. புளுவா நகரில் 1805-இல் பிறந்த அவர் தேர்ந்த கடிகாரத் தொழிலாளி; தாமே இயங்கும் பொம்மைகளைச் செய்வதில் நிகரற்றவர். 1845-இல் பாரிசில் தமக்கென ஓர் அரங்கைத் திறந்தார். கூம்புத் தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்து ஆடிய வித்தைக்காரர்கள் பலரிடையே, விருந்துக்குச் செல்லும் கனவானின் உடையில் மேடையேறினார். வித்தையை ஒரு நுண்கலையாக உயர்த்தியவர்களில் அவருக்குத் தனியிடம் உண்டு. அந்தக் கலையைப் படையெடுப்பின் கருவியாக்கச் சம்மதித்தார் என்பதுதான் என் வழக்கு.

அல்ஜியர்ஸ் நகரின் அரங்கில் அவர் குலத்தலைவர்களை வரவழைத்துக் காட்டியவை இவை. ஒரு சிறிய பெட்டி, குழந்தையும் தூக்கிவிடும். கட்டுமஸ்தான ஓர் அரபியை அழைத்துத் தூக்கச் சொன்னார், தூக்கினார். உன்னைப் பெண்ணைப்போல் வலுவிழக்கச் செய்கிறேன் என்று அறிவித்துவிட்டு மறுபடியும் தூக்கச் சொன்னார், பெட்டி அசையவில்லை. மேடைக்கு அடியில் இருந்த மின்காந்தம் பெட்டியின் இரும்பைப் பற்றிக்கொண்டது. பிறகு கைப்பிடி வழியாக மின்னதிர்ச்சியைப் பாய்ச்சினார். அந்த மனிதர் துடித்து விழுந்தார். அடுத்து, அடையாளமிட்ட தோட்டாவைத் துப்பாக்கியில் இட்டுத் தம்மைச் சுடச் சொன்னார். தோட்டா அவர் கையிலிருந்த ஆப்பிளில் அகப்பட்டது. கடைசியாக ஓர் இளைஞரை மேசைமேல் நிறுத்தி மூடி மறைத்தார். அதைக் கண்டு அவையோர் கூச்சலிட்டு ஓடினார்கள் என்று எழுதுகிறார். வாயிலில் அந்த இளைஞரே உயிரோடு நின்றுகொண்டிருந்தாராம்.

இதே பெட்டியை அவர் பாரிசிலும் காட்டியவர்தாம். மின்காந்தம் என்பது பாரிஸ் மக்களுக்கும் அந்நாளில் தெரியாது. தெரியாமல் இருக்கும்படி தாம் கவனமாகப் பார்த்துக்கொண்டதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆக, பாரிஸ்காரரும் விழித்தார், அல்ஜீரியரும் விழித்தார். விழித்த பாரிஸ்காரர் நுழைவுச்சீட்டு வாங்கிய ரசிகர். விழித்த அல்ஜீரியர் மூடர். இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே இருப்பது அறிவியலா, பீரங்கியா? பாரிசில் எந்த வாடிக்கையாளருக்கும் மின்னதிர்ச்சி கொடுத்து, “உன் வலிமையைப் பறித்துவிட்டேன், இனி அடங்கி நட” என்று அவர் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நிகழ்ச்சிகள் முடிந்தபின், இவை யாவும் கைத்திறனேயன்றி மந்திரமல்ல என்று துபாஷிகளைக் கொண்டு அரபிகளுக்கு விளக்கச் செய்ததாகவும் எழுதியிருக்கிறார். அப்படியானால் கண்ணைத் திறந்தது பெட்டியன்று, துபாஷி! முதலில் அச்சுறுத்தி, பிறகு விளக்கம் சொல்வதற்குப் பெயர் அறிவியல் கல்வியா என்பதைச் சொற்பொழிவாளரே சொல்லட்டும்.

மராபூத் என்று பிரெஞ்சுக்காரர் திரித்த சொல் முராபித் என்னும் அரபுச் சொல். எல்லைக் காவலிலும் இறைவணக்கத்திலும் தங்கியிருப்போருக்கு அப்பெயர். வடஆப்பிரிக்காவையும் ஸ்பெயினையும் ஆண்ட முராபித்துகள் அதே பெயரினர். தரீக்காக்களின் தலைவர்களாகிய இவர்களைப் பிரெஞ்சு அரசு அஞ்சியது அவர்கள் முட்டையை மறைத்துக் காட்டியதற்காகவன்று. 1832 முதல் 1847 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற அமீர் அப்துல் காதிர் காதிரிய்யா தரீக்காவில் வந்தவர். பள்ளியும், விருந்தினர் விடுதியும், செய்தி கொண்டு செல்லும் ஆட்களும், மக்களின் நம்பிக்கையும் அந்தத் தலைவர்களிடம் இருந்தன. ராபர்ட் ஹூடினை அழைத்த கர்னல் தெ நெவே இதை அறியாதவரல்லர். அல்ஜீரியத் தரீக்காக்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர்.

கலகம் அடங்கிற்றா என்றால், வித்தை நடந்த மறு ஆண்டே, 1857-இல், மார்ஷல் ராண்டோன் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு கபிலியா மலைநாட்டில் புகுந்தார். எதிர்த்துப் போரிட்ட மக்களை வழிநடத்தியவர்களில் ஒருவர் லாலா ஃபாத்திமா என்னும் பெண்மணி, அவர் சிறைப்பட்டார். பின்னர் 1871-இல் முக்ரானியின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் ரஹ்மானிய்யா தரீக்காவின் முதுபெரும் ஷெய்கு ஹத்தாத் சேர்ந்தவுடன் நாட்டின் பெரும்பகுதி கொந்தளித்தது. அதே 1871-இல்தான் ராபர்ட் ஹூடின் புளுவாவுக்கு அருகே தம் இல்லத்தில் கண்மூடினார். ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை என்று கல்லூரி மாணவர்க்கு முன் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ!

“சரி, அல்ஜீரியக் கதை மிகையாகவே இருக்கட்டும். மாயத்தை நம்புவது கீழ்நாட்டார் இயல்பு, ஆராய்வது மேல்நாட்டார் இயல்பு என்பது பொய்யாகுமா?” என்று கேட்பார்கள். சொற்பொழிவாளரின் பேச்சு முழுவதும் இந்த நம்பிக்கையின்மேல்தான் நின்றது. இந்தியக் கயிற்று வித்தையையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வெட்டவெளியில் கயிறு எறியப்படும். அது அந்தரத்தில் நிற்கும். சிறுவன் ஏறி மறைவான். கத்தியோடு தொடர்ந்து ஏறுபவன் கை கால்களை வெட்டி வீழ்த்துவான். பிறகு சிறுவன் முழு உடலோடு எழுந்து நிற்பான்.

இதை ஒத்த காட்சியை எழுதி வைத்தவர்களில் புகழ்பெற்றவர் இப்னு பதூதா. மதுரைக்கும் வந்து சென்ற அந்தப் பயணி அதைக் கண்டதாகச் சொல்வது இந்தியாவில் அன்று. சீனத்தில், ஹாங்சௌ நகரில், அமீர் குர்த்தையின் விருந்தில், 1346-ஐ ஒட்டிய காலத்தில். அங்கே கயிறும் இல்லை. துளையிட்ட மரப்பந்தில் கோத்த நீண்ட தோல்வார்தான். சிறுவனின் உறுப்புகள் விழக் கண்ட இப்னு பதூதாவுக்கு நெஞ்சு படபடத்து மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. மனிதர் இளகிய மனத்தினர். தில்லியில் யோகிகளின் வித்தையைக் கண்டும் மயங்கி விழுந்தவர். ஆனால் அவர் அருகில் அமர்ந்திருந்த காஜி ஃபக்ருத்தீன் அசையவில்லை. ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை, வெட்டியதும் இல்லை, எல்லாம் கண்கட்டுத்தான் என்று அல்லாஹ்வின்மேல் ஆணையிட்டுக் கூறினார். தமக்கு எதிரான அந்தத் தீர்ப்பை மறைக்காமல் இப்னு பதூதாவே பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் காஜி எங்கிருந்தோ திடீரென்று முளைத்தவரல்லர். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, திமிஷ்கை அடுத்த ஜவ்பர் என்னும் ஊரினரான அல்ஜவ்பரி, வித்தைக்காரர்களின் இரகசியங்களை அம்பலப்படுத்தும் நூல் ஒன்றை அரபியில் எழுதியிருந்தார். போலி நபிமார், போலி ஷெய்குமார், பொன் செய்வதாகச் சொல்வோர், புதையல் காட்டுவோர் என்று ஒருவரையும் அவர் விடவில்லை. ஹர்ரான் நகரத்தின் ஜும்ஆப் பள்ளிக்கு ஒருவன் உயர்ந்த ஆடை உடுத்திய குரங்கொன்றை அழைத்து வந்தானாம். அது முஸல்லாவில் நின்று தொழுததாம், தஸ்பீஹ் உருட்டியதாம், கண்ணீரும் வடித்ததாம். இது இந்திய அரசர் ஒருவரின் மகன், மனைவியின் சூனியத்தால் குரங்கானவர், மீட்பதற்குப் பொருள் வேண்டும் என்று அவன் கையேந்த, காசு குவிந்ததாம். சிரித்துக்கொண்டே படிக்கக்கூடிய இந்த நூல் வெளிவந்து ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பிறகே, 1584-இல், இங்கிலாந்தில் ரெஜினால்டு ஸ்காட் வித்தைகளின் சூட்சுமத்தை விளக்கி நூல் எழுதினார். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. மூதாட்டிகளைச் சூனியக்காரிகளென்று கொன்றுகொண்டிருந்த காலத்தில் எழுதிய துணிவு பெரிது. முறையை மட்டும் சொல்கிறேன்: முன்னே எழுதியவர் ஜவ்பரி.

மூஸா நபி (அலை) அவர்களின் வரலாறும் நினைவுக்கு வருகிறது. ஃபிர்அவ்னின் சூனியக்காரர்கள் எறிந்த கயிறுகள் நெளிவதாகத் தோன்றின என்றே திருமறை சொல்கிறது. நெளிந்தன என்று சொல்லவில்லை. உண்மையைக் கண்டதும் முதலில் சிரம் தாழ்த்தியவர்களும் அந்த வித்தைக்காரர்களே. தங்கள் கயிற்றின் எல்லை அவர்களுக்குத்தானே தெரியும்! சிஹ்ர் வேறு, கண்கட்டு வேறு, முஃஜிஸாத்து வேறு, கராமத்து வேறு என்று பிரித்துப் பேசிய மார்க்க அறிஞர்களின் மரபை அறியாதவர்களே நம்மைப் பொதுவில் மாயத்துக்கு அடிமைகள் என்று எழுதுகிறார்கள்.

இனி, கயிறு இந்தியாவுக்கு வந்த கதை. 1890 ஆகஸ்ட் 8-ஆம் நாள் சிகாகோ டிரிப்யூன் நாளேட்டில் ஒரு செய்தி வெளியாயிற்று. அமெரிக்கர் இருவர் இந்தியாவில் பக்கீர் ஒருவரின் கயிற்று வித்தையைக் கண்டார்களாம். ஒருவர் படம் வரைந்தார். மற்றவர் நிழற்படம் எடுத்தார். வரைந்த படத்தில் கயிறும் சிறுவனும் இருந்தன. நிழற்படத்தில் பக்கீர் மட்டுமே தரையில் அமர்ந்திருந்தார். ஆகவே எல்லாம் மனவசியம் என்பது முடிவு. நிழற்படம் எடுத்தவர் பெயர் எஸ். எல்மோர் என்று அச்சாகியிருந்தது. சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் ‘செல்மோர்’, அதாவது ‘அதிகம் விற்பாய்’ என்றாகும்! நான்கு மாதம் கழித்து, அது கற்பனையே என்று அந்த ஏடே ஒப்புக்கொண்டது. எழுதிய ஜான் வில்கி பின்னாளில் அமெரிக்க அரசின் இரகசியக் காவல் துறைக்கே தலைவரானார்.

மறுப்பை யார் படித்தார்கள்? செய்தி உலகம் சுற்றிவிட்டது. அதன்பின் இந்தியாவிலிருந்து திரும்பிய துரைமார்கள் பலருக்கும் தாங்கள் அதை நேரில் கண்டதாக நினைவு வரத் தொடங்கிற்று! இதைக் கண்டு சலித்தவர்களில் ஒருவருக்கு நம் சென்னையோடு தொடர்பு உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தலைவராக இருந்து, கண்நீர் அழுத்த நோய்க்குப் புதிய அறுவை முறை கண்ட கர்னல் எலியட்தான் அவர். ஓய்வுபெற்றபின் இலண்டன் வித்தைக்காரர் சங்கத்தின் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்று, கயிற்று வித்தையை வெட்டவெளியில் நிகழ்த்திக் காட்டுவோர்க்கு 500 கினி பரிசு என்று 1934-இல் அறிவித்தார். இந்தியாவிலிருந்து எந்தப் பக்கீரும் வரவில்லை. கராச்சி என்ற பெயரோடு ஒருவர் வந்தார். தலைப்பாகைக்கு அடியில் இருந்தவர் டார்பி என்னும் ஆங்கிலேயர். பரிசு வழங்கப்படவில்லை.

ஆக, சிகாகோவில் பிறந்து, இலண்டனில் வளர்ந்து, பிளைமவுத்துக்காரர் ஒருவரால் நடிக்கப்பெற்ற வித்தைக்கு ‘இந்திய’ என்னும் அடைமொழி நிலைத்துவிட்டது. இதில் எவர் நம்பினார், எவர் ஆராய்ந்தார் என்று சொற்பொழிவாளர் எண்ணிப் பார்க்கட்டும்.

மந்திரத்தைப் பற்றிய நாட்டுப்புற நம்பிக்கைகளைத் தொகுத்துப் பார்ப்பவர்க்கு ஒரு வேடிக்கை புலப்படும். மந்திரவாதி எப்போதும் அடுத்த ஊர்க்காரன். தமிழ்நாட்டில் பில்லி சூனியத்தில் வல்லவர் யார் என்று கேளுங்கள், மலையாளத்தார் என்பார்கள். வட இந்தியரைக் கேட்டால் வங்காளத்தையும் காமரூபத்தையும் காட்டுவார்கள். ஐரோப்பிய மாலுமிகள், காற்றைக் கயிற்று முடிச்சில் கட்டி விற்பவர்கள் என்று பின்லாந்தியரையும் லாப்லாந்தியரையும் அஞ்சினார்கள். ஐரோப்பியர் மந்திரத்தைக் கிழக்கில் வைத்தார்கள் அல்லவா? கிழக்கின் கதைகள் அதை மேற்கில் வைத்தன! அலாவுதீனை ஏமாற்றும் சூனியக்காரன் மக்ரிப் நாட்டினன். மக்ரிப் என்றால் மேற்கு. ஹர்ரானில் குரங்கைக் காட்டியவனுக்கும் இந்திய இளவரசன்தான் தேவைப்பட்டான். 1951-இல் நம்மவர் கண்டு களித்த ‘பாதாள பைரவி’ திரைப்படத்தில் மாந்திரீகன் நேபாளத்தான். நேபாளத்தில் யாரைச் சொல்கிறார்களோ! இது மனித இயல்பு. ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் அண்டை அயலார் வழக்கம். ஆனால் ஒரு தரப்பின் கையில் மட்டும் கப்பற்படையும் அச்சு இயந்திரமும் படக்கருவியும் வந்து சேர்ந்தபோது அந்தக் கேலி வேறொன்றாகிவிட்டது.

படக்கருவியைப் பற்றிச் சொல்லும்போது மறுபடியும் ராபர்ட் ஹூடினின் அரங்கத்துக்கே போக வேண்டும். அவர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பின், 1888-இல், அதை விலைக்கு வாங்கியவர் ஜார்ஜ் மெலியே. 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய அசையும் படங்களைக் கண்ட அந்த வித்தைக்காரர், மறு ஆண்டே தாமும் படமெடுக்கத் தொடங்கினார். தெருவொன்றில் படமெடுக்கையில் கருவி சிறிது நேரம் சிக்கி நின்றதாம். பிறகு ஓட்டிப் பார்த்தால் பயணிகள் வண்டி பிண வண்டியாக மாறியிருந்ததாம். இதுவும் அவர் சொன்ன கதைதான். வித்தைக்காரர்களின் கதைகளை எப்படிக் கேட்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டேன். எவ்வாறாயினும் கருவியை நிறுத்தி, பொருளை மாற்றி, மீண்டும் ஓட்டும் உத்தியை அவர் ஆண்ட விதம் அதிசயம். மேடையில் ஒரு பெண்ணை மறைக்கப் பொறிக்கதவு வேண்டும். 1896-இல் அவர் எடுத்த படத்தில் அது தேவைப்படவில்லை. ஒரே படச்சுருளில் பலமுறை பதிவு செய்து தம் தலையைத் தாமே கழற்றி மேசைமேல் வைப்பார். 1902-இல் சந்திரனுக்கும் போய் வந்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தும் பொருளிழந்து, பாரிஸ் இரயில் நிலையமொன்றில் பொம்மைக் கடையில் அமர்ந்திருந்த அவருடைய முதுமையை எண்ணும்போது எவர் மனமும் நோகும்.

ஆனால் அவருடைய படப் பட்டியலைப் பாருங்கள். தொடக்கக் காலப் படங்களிலேயே ஒன்று ‘பக்கீர், ஓர் இந்திய மர்மம்’. 1900-இல் ‘ராஜாவின் கனவு’. 1904-இல் ‘துருக்கிக் கொலையாளி’. ஒரே வீச்சில் நான்கு தலைகள் உருளும், பிறகு அவை எழுந்து ஒட்டிக்கொண்டு கொலையாளியையே இரு துண்டாக்கும். 1905-இல் ‘ஆயிரத்தோர் இரவுகளின் அரண்மனை’. இவற்றில் பகைமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், விளையாட்டுத்தான். அந்த விளையாட்டு மரபாகிவிட்டது. 1924-இல் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் நடித்த ‘பக்தாது திருடன்’ படத்தில் அந்தச் சிகாகோக் கயிறே பக்தாதுக்கு வந்து சேர்ந்துவிட்டது! மக்கள் தொழுகையில் ஈடுபட்டிருக்கும் நேரம் பார்த்துக் கதாநாயகன் மாயக்கயிற்றைத் திருடுகிறான். பைத்துல் ஹிக்மாவில் நூல்களை மொழிபெயர்த்த நகரத்துக்கு, கம்பளத்தில் பறக்கும் நகரம் என்று பெயர் வந்தது இந்த வழியில்தான்.

மேடையிலும் இதே நாடகம். 1886-இல் பெர்லினில் கறுப்புத் திரைக்கு முன் பொருள்களைத் தோன்றி மறையச் செய்த ‘பென் அலி பே’, ஆவுசிங்கர் என்னும் ஜெர்மானியர். அவரைப் பார்த்து ‘அகமது பென் அலி’ ஆனவர் அமெரிக்கர் ராபின்சன். அவரே பின்னர்ச் சீனராகி, சங் லிங் சூ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார். மேடையில் ஆங்கிலம் பேசாமலே காலம் தள்ளினார். 1918 மார்ச்சில் இலண்டனில், ராபர்ட் ஹூடின் அல்ஜியர்ஸில் காட்டிய அதே வகையான தோட்டா வித்தையின்போது துப்பாக்கி உண்மையிலேயே வெடித்து வீழ்ந்தார். அப்போதுதான் அவையோர் அவர் ஆங்கிலம் பேசக் கேட்டார்கள்.

உண்மையான கீழ்நாட்டு வித்தைக்காரர்கள் நிலை என்ன? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனைக் கவர்ந்த ‘ராமோ சாமி’ என்பவரின் பெயர் நம் ராமசாமிதான் என்பதில் ஐயமென்ன? வாளை விழுங்கியும் பித்தளைப் பந்துகளைச் சுழற்றியும் அவர் காட்டிய திறமையை ஹாஸ்லிட் போன்ற பெரும் எழுத்தாளரே வியந்து கட்டுரை எழுதினார். 1850-இல் அந்த ராமசாமி வறுமையில் இறந்தார். 1830-ஐ ஒட்டிச் சென்னையில் முதியவர் ஒருவர் மூங்கில் கழியொன்றில் கையை மட்டும் ஊன்றி அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். ஆங்கிலேயர் அவர் பெயரைச் ‘சேஷால்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடைக்குள் மறைந்த இரும்புத் தாங்கியே அதன் சூட்சுமம் என்பதை அன்றே ஊகித்துவிட்டார்கள். 1847-இல் ராபர்ட் ஹூடின் தம் மகனை ஒரு கோலின்மேல் அந்தரத்தில் கிடத்தி, அது ‘ஈதர்’ என்னும் மயக்கமருந்தின் ஆற்றல் என்று பாரிஸ் மக்களிடம் சொன்னார். சென்னைக் கிழவர் செய்தால் கீழ்நாட்டு மாயம். பாரிஸ் கனவான் செய்தால் நவீன அறிவியல். அவருடைய பெயரையே ஒட்டித் தமக்குப் பெயரிட்டுக்கொண்ட ஹூடினி, 1908-இல் ராபர்ட் ஹூடினின் உரிமை கோரல்களைக் கிழித்து ஒரு நூல் எழுதியதையும் இங்கே நினைவுகூரலாம்.

இவற்றைவிட எனக்கு வருத்தம் தருவது சொற்களுக்கு நேர்ந்த கதி. ஃபக்கீர் என்றால் ஏழை. இறைவன்முன் தன் வறுமையை உணர்ந்தவர். நம் பகுதியில் ரமலான் இரவுகளில் தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு ஸஹருக்கு எழுப்ப வந்த பக்கீர்மாரை நாம் அறிவோம். நாகூர் ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு பிள்ளைக்குப் பக்கிரிசாமி என்று பெயரிட்ட இந்துக் குடும்பங்கள் தஞ்சை மண்ணில் எத்தனை! அந்தச் சொல் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன்பே அமெரிக்கத் தெருக்களில் மோசடி வணிகனைக் குறிப்பதாயிற்று. வட இந்தியாவில், மகன்பூரில் அடங்கியுள்ள ஷா மதாரின் வழியினர்க்கு உரிய ‘மதாரி’ என்னும் பெயர் குரங்காட்டிக்கும் வித்தைக்காரனுக்கும் போயிற்று.

அங்கெல்லாம் போவானேன்? நம் தமிழில் ‘மோடி மஸ்தான்’ இல்லையா? மஸ்தான் என்றால் இறைக்காதலில் தன்னை மறந்தவர். இராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடியார், சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயரே மறையும்படி மஸ்தான் சாகிபு என்று போற்றப்பட்டவர். அதே பெயர் சந்தையில் பாம்புக் கூடையையும் கீரியையும் வைத்துக்கொண்டு, “இதோ சண்டை விடுகிறேன், எவரும் நகரக் கூடாது, நகர்ந்தால் இரத்தம் கக்குவீர்” என்று மிரட்டித் தாயத்து விற்பவருக்கும் பெயராயிற்று. சிறுவயதில் வாரச்சந்தையில் அந்தக் கூட்டத்தில் நின்று, கால் கடுக்கக் காத்திருந்தும், ஒருநாளும் கீரியும் பாம்பும் மோதக் கண்டதில்லை. இந்தப் பெயரை வெள்ளைக்காரன் சூட்டவில்லை. நாமே சூட்டினோம், நம்மில் சிலர் அதை நம்பிப் பிழைத்தோம். தர்கா வாசல்களில் பீங்கான் தட்டில் எழுதிக் கரைத்துக் கொடுத்துக் கைநீட்டுவோரை, தண்ணீர் ஓதுவதற்கு விலை நிர்ணயிப்போரை, ஜவ்பரி இன்று வந்தால் விட்டுவைப்பாரா? சொற்பொழிவாளர் இவர்களைச் சாடியபோது நான் கைதட்டியது இதனால்தான். அந்தச் சாட்டையை எடுத்து ஆளுவதற்கு நம் நூலகத்திலேயே உரிமை இருக்கையில், படையெடுத்து வந்தவனின் வித்தைப்பெட்டியைக் கடன் வாங்க வேண்டாம் என்கிறேன்.

சொற்பொழிவாளருக்குச் சொல்ல எண்ணியிருந்த இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. அல்ஜியர்ஸ் காட்சிக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1956 ஏப்ரல் 9 அன்று, வங்காளத்து பி. சி. சர்க்கார் இலண்டனில் பி.பி.சி. தொலைக்காட்சியில் தோன்றினார். மேசையில் கிடத்திய பெண்ணைச் சுழல்வாளால் இரண்டாக அறுத்தார். பிறகு அவளை எழுப்ப முயல்பவர்போல் கையைத் தேய்த்தார், தலையை அசைத்தார், முகத்தைத் துணியால் மூடினார். அந்தக் கணத்தில் நிகழ்ச்சியாளர் குறுக்கே வந்து விடைகூற, ஒளிபரப்பு முடிந்தது. கண்முன்னே கொலை நடந்துவிட்டதென்று எண்ணிய நேயர்களின் அழைப்புகளால் பி.பி.சி.யின் தொலைபேசிகள் திணறின. அணுமின் நிலையம் அமைத்துக்கொண்டிருந்த நாட்டு மக்கள் அவர்கள்! இதைக் கொண்டு எவரும் ஆங்கிலேயர் மூடர் என்று எழுதவில்லை. சர்க்கார் பெரும் கலைஞர் என்றே எழுதினார்கள். அதுவே சரி. அந்தச் சரியான தீர்ப்பு 1856-இல் அல்ஜியர்ஸ் அவையோருக்கு ஏன் கிடைக்கவில்லை?

சர்க்கார் 1971-இல் ஜப்பானில் மேடைப் பயணத்தின்போது காலமானார். நாடு அவரைக் கொண்டாடிற்று. தெருவில் வித்தை காட்டுபவருக்கு நேர்ந்ததோ வேறு. 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம், ஆடுவதையும் பாடுவதையும் வித்தை காட்டுவதையும் பிச்சைக்கான சாக்குகளோடு சேர்த்தெண்ணிற்று. தில்லியிலும் அது செல்லுபடியாயிற்று. அந்தத் தில்லியில்தான் 1995-இல், குதுப் மினாரின் அருகே, தெருவித்தைக் குடும்பத்தில் பிறந்த இஷாமுத்தீன் கான் என்பவர் பகல் வெளிச்சத்தில், மக்கள் சூழ நிற்க, கூடையிலிருந்து கயிற்றை எழுப்பிச் சிறுவன் ஒருவனை ஏறச் செய்தார். தாம் செய்தது வித்தைதான், மந்திரமில்லை என்று அவரே சொன்னார். 2018 ஆகஸ்ட் 8 அன்று தில்லி உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி தில்லிக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள், இத்தகைய வித்தைக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த கத்புத்லி குடியிருப்பு 2017-இல் இடிக்கப்பட்டுவிட்டது.